சிந்தசைசர் பிளகினில் கூட்டற்குறியை எங்கே போடுவது?

தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் தப்பு, உருமி மேளங்களோடு ஒரு கீபோர்டும் இருக்கும் என்பது மலையகத்தில் சாதாரணமாகிவிட்டது. அந்தக் கீபோர்டை வாசிக்கும் பிள்ளைகளில் சிலர் வாசிப்பதோடு நிற்பதில்லை. பழைய லெப்டொப் ஒன்றில் பியூர் டேட்டாவையோ (பெட்டிகளை வரைந்து இணைத்து ஒலி செய்யும் மென்பொருள்) ஜூஸையோ (JUCE, ஒலி நிரல் எழுதுவதற்கான நூலகம்) இறக்கி வைத்துக்கொண்டு தங்களுக்கென்று ஒரு சிந்தசைசர் பிளகின், அதாவது இசை மென்பொருளுக்குள் கருவி போல ஓடி ஒலியை உண்டாக்கும் நிரல், செய்துபார்க்கிறார்கள். ஹட்டன், மஸ்கெலியா, பண்டாரவளை என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அவர்களுடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இத மொனோவா செய்யிறதா, பொலியா செய்யிறதா?"

மொனோ (ஒரு நேரத்தில் ஒரே சுரம்), பொலி (ஒரே நேரத்தில் பல சுரம்) என்பது முழு பிளகினுக்கும் ஒரே தடவை குத்தும் முத்திரை என்று நினைத்துக் கேட்கிறார்கள். நல்ல பொலி சிந்த் ஒன்றைத் திறந்து பார்த்தால் அதில் பாதி மொனோவாகத்தான் இருக்கும். முன்பகுதியில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வழி. எங்கேயோ ஓரிடத்தில் எல்லாச் சுரங்களையும் கூட்டுகிறார்கள். அதற்குப் பிறகு ஒரே வழி. அந்தக் கூட்டற்குறி எந்த இடத்தில் விழவேண்டும் என்று முடிவெடுப்பதுதான் இந்த வேலையில் பாதி.

தொடங்குமுன் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடுவோம். திருவிழாவில் மரத்தில் கட்டும் ஹோர்ன் ஸ்பீக்கரை மொனோ என்கிறோமே, அது ஸ்டீரியோ இல்லாத மொனோ. இங்கே பேசுவது மொனோபொனிக்: ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும். நாதஸ்வரமும் புல்லாங்குழலும் அப்படி. கோர்ட் (பல சுரங்களை ஒன்றாக அழுத்துவது) பிடிக்க முடிந்தால் பொலிபொனிக். ஒரு சிந்த் மொனோபொனிக்காகவும் ஸ்டீரியோவாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம், அதில் முரண் எதுவும் இல்லை.

ஒரு கட்டை, ஒரு வொய்ஸ்

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அது மிடி (இசைக்கருவியும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) வழியாக இரண்டு எண்களை அனுப்புகிறது. எந்தச் சுரம் என்பது 0 முதல் 127 வரை ஓர் எண். 69 என்றால் 440 ஹேர்ட்ஸ் ஏ. எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்பது இன்னோர் எண். பிளகின் உடனே சும்மா இருக்கும் ஒரு வொய்ஸை (ஒரு சுரத்தை ஒலிக்கவைக்கும் முழு அமைப்பு) பிடித்து அந்தச் சுரத்தை அதன் கையில் கொடுக்கிறது. ஒரு வொய்ஸுக்குள் வழக்கமாக ஒலி அலையை உண்டாக்கும் ஒசிலேட்டர், அதில் சில பகுதிகளை வெட்டும் பில்டர், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் அம்ப், கட்டையை அழுத்தியதும் ஏறி விட்டதும் இறங்கி இவற்றை ஆட்டும் என்வலப் ஆகியவை இருக்கும். 1970இல் வந்த மினிமூக் மொடல் டி சிந்தில் இப்படி ஒரேயொரு வொய்ஸ்தான். 1978இல் வந்த ப்ரொஃபெட்-5இல் ஐந்து. எந்தக் கட்டையை எந்த வொய்ஸுக்குக் கொடுப்பது என்று பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு மைக்ரோபுரொசசரையும் வைத்தார்கள்.

இங்கே தொடக்கத்திலேயே பலரை மடக்கும் விஷயம் ஒன்று உண்டு. பில்டர் என்பது வெறும் சூத்திரம் கிடையாது, அதற்கு நினைவு இருக்கிறது. போன சாம்பிளில் (ஒலியை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை எண்ணாக்கும்போது வரும் ஒவ்வோர் எண்) என்ன வெளியே போனது என்பதை வைத்துத்தான் அடுத்ததைக் கணக்கிடும். ஒரே பில்டரை எல்லா வொய்ஸுக்கும் மாறிமாறிக் கூப்பிட்டால், முதல் சுரத்தின் மிச்சம் இரண்டாவது சுரத்தின் கணக்கில் போய் விழும். ஒற்றைச் சுரம் வாசிக்கும்போது எல்லாம் ஒழுங்காகக் கேட்கும்; இரண்டாவது விரலை வைத்தவுடன் கரகரவென்று வரும். நிரலை எல்லா வொய்ஸும் பகிர்ந்துகொள்ளலாம், நினைவைப் பகிரக்கூடாது. என்வலப்பும் ஒசிலேட்டரும் அப்படித்தான், அவற்றுக்கும் நினைவு உண்டு.

அதற்கு அடுத்த வழக்கமான கோளாறு: கோர்ட் பிடித்தால் ஒரே ஒரு சுரம் மட்டும் கேட்கிறது. ஜூஸில் வேலை செய்கிறவர்கள் உடனே பார்க்கவேண்டிய இடம், வொய்ஸ் தன் ஒலியை பஃபரில் (வெளியே போகவேண்டிய சாம்பிள்களின் தற்காலிகக் கிடங்கு) எழுதும் வரி. அங்கே ஏற்கெனவே இருப்பதோடு கூட்டவேண்டும். மேலே எழுதினால் கடைசி வொய்ஸ் மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடும். பியூர் டேட்டாவில் குளோன் ஒப்ஜெக்டைப் பாவித்தால் இந்தக் கூட்டலை அதுவே செய்துவிடுகிறது. ஒரு வொய்ஸைத் தனிப் பட்ச்சாக வரைந்து, குளோனுக்கு எத்தனை என்று சொன்னால் போதும். அந்தப் பட்ச்சுக்குள் இருப்பதெல்லாம் பொலி, வெளியே இருப்பதெல்லாம் மொனோ என்று கண்ணால் பார்க்கலாம். புதியவர்களை நான் முதலில் அங்கேதான் அனுப்புவேன்.

ஆர்மோனியத்தின் துருத்தி

பொலிக்கும் மொனோவுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள பஜனை மடத்து ஆர்மோனியமே போதும். ஒவ்வொரு கட்டைக்கும் தனி ரீட் உண்டு, மூன்று கட்டையை அழுத்தினால் மூன்று சுரம் கேட்கும். ஆனால் துருத்தி ஒன்றுதான். ஏற்கெனவே இரண்டு சுரம் ஒலித்துக்கொண்டிருக்கையில் மூன்றாவதை மட்டும் ஓங்கி ஒலிக்கவைக்க நினைத்தால் முடியாது. துருத்தியை இறுக்கினால் மூன்றும் சேர்ந்தே ஓங்கும். சுரங்கள் பல, அவற்றை ஆட்டும் கை ஒன்று. சிந்தசைசர் உலகில் இதைப் பராபொனிக் என்பார்கள். 1983இல் வந்த கோர்க் பொலி-800 இந்த வகை: எட்டு ஒசிலேட்டர் இருந்தும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே பில்டர். ஒரு கோர்ட்டைப் பிடித்தபடி மேலே இன்னொரு சுரம் வாசித்தால், பில்டரின் என்வலப் மறுபடி தொடங்குவதா, ஓடுகிற ஓட்டத்திலேயே போவதா என்று தேர்ந்தெடுக்க ஒரு பொத்தானே வைத்திருந்தார்கள். மறுபடி தொடங்கினால் பிடித்துக்கொண்டிருக்கும் கோர்ட்டும் சேர்ந்து "வாவ்" என்னும்.

பராபொனிக்கை மலிவுச் சரக்கு என்று சிலர் ஒதுக்குவார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. எல்லாச் சுரமும் ஒரே மூச்சில் திறந்து மூடுவதில் ஒரு ஒட்டுதல் இருக்கிறது, பஜனைப் பாட்டுக்குப் பின்னால் வரும் நீண்ட கோர்ட்டுகளுக்கு அது பொருந்தும். அதை அறிந்து தேர்ந்தெடுக்கவேண்டும், தெரியாமல் அங்கே போய் விழக்கூடாது.

கூட்டிவிட்டுச் செய்வதா, செய்துவிட்டுக் கூட்டுவதா

இனி விஷயத்தின் நடுப்பகுதி. ஒரு பகுதியைக் கூட்டற்குறிக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று எப்படித் தீர்மானிப்பது? இரண்டு கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: இந்தப் பகுதி எல்லா வொய்ஸுக்கும் ஒரே அமைப்பில்தான் ஓடப்போகிறதா, அல்லது சுரத்துக்குச் சுரம் மாறுமா? என்வலப் ஆட்டுகிற எதுவும் மாறும், ஏனென்றால் ஒவ்வொரு கட்டையும் வெவ்வேறு நேரத்தில் அழுத்தப்படுகிறது. வேகத்துக்குப் பதில் சொல்கிற எதுவும் மாறும். சுரம் ஏற ஏறத் திறந்துகொள்ளும் பில்டரும் மாறும். இவையெல்லாம் முன்னால்தான் இருக்கவேண்டும், பேச்சே இல்லை.

எல்லாருக்கும் ஒரே அமைப்புத்தான் என்றால் இரண்டாவது கேள்வி: அந்தப் பகுதி நேரியலானதா? அதாவது இரண்டு ஒலிகளைக் கூட்டி உள்ளே அனுப்பினாலும், தனித்தனியாக அனுப்பி வெளியே வந்தபின் கூட்டினாலும் விடை ஒன்றாகவே இருக்குமா? சாதாரண ஈக்யூ (அடி, உச்சி ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது), டிலே (எதிரொலி), ரிவேர்ப் (மண்டப முழக்கம்), கோரஸ் (ஒலியைச் சற்று விலகிய பிரதியோடு கலப்பது) எல்லாம் அப்படிப்பட்டவை. அப்படியானால் பதினாறு வொய்ஸுக்கு பதினாறு ரிவேர்ப் ஓட்டுவதும் ஒன்றை ஓட்டுவதும் காதுக்கு ஒன்றே. லெப்டொப்புக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும். கூட்டிவிட்டு ஒரே தடவை செய்யுங்கள்.

ரோலண்ட் ஜூனோ-106ஐ (1984) எடுத்துப் பாருங்கள். ஆறு வொய்ஸ், ஒவ்வொன்றுக்கும் தனி ஒசிலேட்டர், மேல்சுரத்தை வெட்டும் தனி லோ-பாஸ் பில்டர், தனி என்வலப், தனி அம்ப். ஆனால் அடிச்சுரத்தை வெட்டும் ஹை-பாஸ் பில்டர் ஒன்றே ஒன்று, ஆறும் கூடிய பிறகு வருகிறது. அதை எந்த என்வலப்பும் ஆட்டுவதில்லை, முகப்பில் நான்கு நிலைகள் மட்டும். ஆறு வைத்திருந்தாலும் காதுக்கு ஒன்றுதான் என்பதால் ஒன்றோடு விட்டுவிட்டார்கள். அந்தச் சிந்தின் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வரும் கோரஸும் அதே போலக் கடைசியில்தான். உதிரிப்பாகத்தின் விலையை எண்ணிப் பார்த்துச் செய்த காலத்து வடிவமைப்பு, இன்றைக்கு பிளகின் செய்கிறவருக்கும் அப்படியே பாடம்.

நேரியலாக இல்லாதவற்றில்தான் சுவாரசியம். டிஸ்டோர்ஷனை எடுத்துக்கொள்வோம். அது ஒலியின் தலையை மழுக்குகிறது. எவ்வளவு மழுக்கும் என்பது உள்ளே வரும் மொத்த அளவைப் பொறுத்தது, அதனால் இரண்டு சுரங்கள் சேர்ந்து போகும்போது ஒன்றின் ஏற்றம் மற்றதை நசுக்குகிறது. விளைவாக இரண்டின் கூட்டலிலும் கழித்தலிலும் யாரும் வாசிக்காத புதுச் சுரங்கள் பிறக்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஏ 440 ஹேர்ட்ஸ், அதற்கு ஐந்தாவதான ஈ 659.26 ஹேர்ட்ஸ். கழித்தால் 219.26. ஓர் எண்மம் (ஒரு ஸ்தாயி) கீழே இருக்கும் ஏ 220 என்பதால் இந்தப் புதுச் சுரம் கிட்டத்தட்ட அதன் மேலேயே உட்கார்ந்து அடியில் கனம் சேர்க்கிறது. ராக் கிட்டார்காரர்கள் டிஸ்டோர்ஷனோடு இந்த ஐந்தாம் சுரத்தை விடாமல் பிடிப்பது அதனால்தான். இப்போது ஏ-யோடு சி ஷார்ப்பை, அதாவது 554.37 ஹேர்ட்ஸை வையுங்கள். கழித்தால் 114.37. அந்தப் பக்கத்தில் ஏ இருப்பது 110இல், அடுத்த அரைச் சுரம் 116.54இல். நடுவில் எதிலும் ஒட்டாமல் ஒரு சுரம் உறுமிக்கொண்டிருக்கும். முழு மேஜர் கோர்ட்டைப் பலமான டிஸ்டோர்ஷனுக்குள் அனுப்பினால் சேறாகக் கேட்பதற்கு இதுதான் காரணம். எந்தப் புதுச் சுரம் எவ்வளவு பலமாக வரும் என்பது டிஸ்டோர்ஷனின் வளைவைப் பொறுத்து மாறும், அடிப்படை இதுதான்.

ஒவ்வொரு வொய்ஸுக்குள்ளும் தனி டிஸ்டோர்ஷன் வைத்தால் இந்தக் கலப்பு நடக்காது. சுரம் ஒவ்வொன்றும் தனியே கரடுமுரடாகும், கோர்ட் மட்டும் தெளிவாக நிற்கும். ஆகவே இங்கே எது சரி என்று நிரலைக் கேட்டுப் பிரயோசனமில்லை. கிட்டார் அம்ப் போலக் குமுறவேண்டுமானால் பின்னால், ஓர்கன் போலச் சுரம் சுரமாகக் கேட்கவேண்டுமானால் முன்னால். இரண்டு இடத்திலும் மெல்லியதாக ஒன்று வைப்பவர்களும் உண்டு. ஓங்கிய ஒலியைத் தானாகக் குறைக்கும் கம்ப்ரெசருக்கும் இதே கேள்வி வரும், ஆனால் அதை வொய்ஸுக்குள் வைக்க நல்ல காரணம் எனக்கு அகப்பட்டதில்லை. இன்னொன்று: பழைய கருவிகளின் பில்டரை அச்சொட்டாகப் பிரதி செய்யும் நிரல்களில் உள்ளேயே சிறிது டிஸ்டோர்ஷன் இருக்கும். அவற்றை நேரியல் என்று எண்ணிக் கூட்டற்குறிக்குப் பின்னால் தள்ளினால் தொனி மாறிவிடும்.

கட்டுப்பாடு எந்தத் திசையில் ஓடுகிறது

ஒலிக்கு மட்டுமல்ல, அதை ஆட்டும் கட்டுப்பாட்டு சிக்னல்களுக்கும் இந்தப் பிரிவு உண்டு. மொனோவிலிருந்து பொலிக்குப் போவது சுலபம். ஒரே எல்எஃப்ஓ (மெதுவாக ஏறி இறங்கி மற்றவற்றை ஆட்டும் ஒசிலேட்டர்) எல்லா வொய்ஸின் பில்டரையும் ஆட்டலாம். ஜூனோவில் அப்படித்தான், கோர்ட் முழுவதும் ஒன்றாக அசையும். ஒவ்வொரு வொய்ஸுக்கும் தனி எல்எஃப்ஓ கொடுத்தால் ஒவ்வொரு சுரமும் தன் போக்கில் அசைந்து, பலர் சேர்ந்து வாசிப்பது போல விரியும். வயலின் கூட்டம் போன்ற ஒலிக்குத் தனித்தனி, ஓர்கனுக்கு ஒன்று.

எதிர்த்திசைதான் வில்லங்கம். வொய்ஸுக்குள் இருக்கும் என்வலப்பை வைத்து வெளியே இருக்கும் டிலேயின் அளவை ஆட்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வொய்ஸ் எட்டு, என்வலப் எட்டு, டிலே ஒன்று. எந்த என்வலப்பின் பேச்சை அது கேட்பது? ஒலியைப் போலக் கூட்டினால் எட்டு விரல் வைக்கும்போது எட்டு மடங்காகும், அதற்கு அர்த்தமில்லை. கடைசியாக அழுத்திய சுரத்தினுடையதை எடுக்கலாம், இருப்பதில் பெரியதை எடுக்கலாம். எதுவாயினும் நீங்கள்தான் தீர்மானிக்கவேண்டும். தீர்மானிக்காமல் விட்டால் நிரல் தற்செயலாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளும், பிறகு ஏன் சில சமயம் மட்டும் ஒலி திக்குகிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மொனோவே வேண்டிய இடம்

கோர்ட் வேண்டாத கருவிக்கும் பொலியை வைத்துவிட்டுப் போகலாமே, ஒற்றை விரலால் வாசித்தால் போயிற்று என்று சிலர் கேட்பதுண்டு. போகாது. பொலியில் அடுத்த சுரம் வேறொரு வொய்ஸில் பிறக்கும், முந்தியது அதன் பின்னால் தேய்ந்துகொண்டிருக்கும். நாதஸ்வரத்தில் ஒரு சுரம் மற்றச் சுரமாகவே மாறுகிறது. கமகம் வேண்டுமானால் ஒரே வொய்ஸ்தான் வேண்டும், அது இருக்கும் இடத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகவேண்டும்.

அதற்கு மொனோ வொய்ஸுக்குச் சில பழக்கங்களைக் கற்றுக்கொடுக்கவேண்டும். அழுத்திப் பிடித்திருக்கும் கட்டைகளை வரிசையாக ஞாபகம் வைத்திருக்கவேண்டும்: ச-வைப் பிடித்துக்கொண்டே ரி-யைத் தட்டி விட்டால் ஒலி தானாக ச-வுக்குத் திரும்பவேண்டும். இரண்டு கட்டை அழுத்தியிருந்தால் எது கேட்கும் என்று முடிவு செய்யவேண்டும். மினிமூக்கில் தாழ்ந்த சுரத்துக்கு முதலிடம், இன்றைய பிளகின்களில் பெரும்பாலும் கடைசியாக அழுத்தியதற்கு. விரல் எடுக்காமல் வாசித்தால் என்வலப் மறுபடி தொடங்காமல் ஓடவேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுரத்திலும் புதிதாக ஊதியது போல இருக்கும். வழுக்கலை ஹேர்ட்ஸில் கணக்கிடாமல் சுரத்தின் அளவில் கணக்கிடுங்கள், அப்போதுதான் மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் ஒரே மாதிரிக் கேட்கும்.

பிட்ச் பெண்ட் சக்கரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. அது 16,384 படிகளில் மிக நுணுக்கமாகச் சுரத்தை வளைக்கும், ஆனால் அந்த மிடி சானல் முழுவதையும் வளைக்கும். இடது கையில் ஸ-ப சுருதியைப் பிடித்துக்கொண்டு வலது கையில் வாசித்துச் சக்கரத்தைத் தள்ளினால் சுருதியும் சேர்ந்து சாயும். சுருதியைத் தனிச் சானலில் தனி பொலி சிந்தாக வைப்பதே நேர் வழி. சுரத்துக்கு ஒரு சானல் கொடுக்கும் எம்பிஇ முறை இதற்காகவே வந்தது, அதற்கேற்ற கீபோர்ட் கையில் இருந்தால்.

உருமியை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வரும் அந்த ஏறுமுக முனகலும் மொனோ வேலைதான். தப்புக்கு இரண்டு வொய்ஸ் போதும். ஒரே தோலில் விழும் அடுத்த அடி முந்திய அடியை அடக்கும். பதினாறு வொய்ஸ் கொடுத்தால் வேகமான அடியில் பழைய அடிகளின் வால்களெல்லாம் தேங்கி நின்றுவிடும்.

எத்தனை வொய்ஸ்?

விரல் பத்துத்தானே, பத்து வொய்ஸ் போதாதா என்றால் போதாது. நான்கு சுரக் கோர்ட் ஒன்றை ஒரு விநாடி பிடித்து விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகிறீர்கள், ஒலி தேய மூன்று விநாடி ஆகிறது என்றால், ஒவ்வொரு சுரமும் நான்கு விநாடி உயிரோடு இருக்கிறது. எந்த நேரத்திலும் பதினாறு வொய்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஏழு ஒசிலேட்டரை அடுக்கினால் 112. பஃபர் 256 சாம்பிள் என்றால், விநாடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் இத்தனையும் 5.8 மில்லி விநாடிக்குள் முடியவேண்டும். முடியாவிட்டால் ஒலி வெடிக்கும்.

வொய்ஸ் தீர்ந்தபின் புதுக் கட்டை வந்தால் ஏதாவதொன்றைப் பறித்துத்தான் கொடுக்கவேண்டும். விரல் எடுத்துத் தேய்ந்துகொண்டிருப்பதை முதலில் பறியுங்கள், அதிலும் பழையதை. அடிச்சுரத்தைக் கடைசி வரை தொடாதீர்கள், அது போனால் யாருக்கும் தெரியும். பறிக்கும்போது சட்டென்று வெட்டினால் 'டக்' என்று கேட்கும். ஐந்து மில்லி விநாடியில், சுமார் 220 சாம்பிளில், இறக்கிவிட்டுப் பறித்தால் கேட்காது.

கூட்டுமிடத்தில் அளவையும் கவனியுங்கள். எட்டு வொய்ஸ் கூடும்போது மிக மோசமான நிலையில் 18 டெசிபெல் ஏறலாம், வழக்கமாக 9 சொச்சம்தான் ஏறும். ஓடுகிற வொய்ஸின் எண்ணிக்கையால் வகுக்கலாம் என்று தோன்றும், அது வேண்டாம். புது விரல் வைக்கும்தோறும் மற்றச் சுரங்கள் தாழ்ந்துபோகும். ஒரு நிலையான அளவுக்குக் குறைத்து, கடைசியில் அளவு எல்லை தாண்டாமல் தடுக்கும் ஒரு லிமிட்டர் வைத்தால் போதும்.

பழைய லெப்டொப்பில் ஓடவேண்டுமென்றால் வேலை முடிந்த வொய்ஸ் தூங்கவேண்டும். அம்ப் என்வலப் சைபருக்கு வந்தவுடன் அந்த வொய்ஸின் கணக்கை முழுவதும் நிறுத்திவிடலாம். சிலர் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோய், எந்த வொய்ஸும் ஓடவில்லை என்றால் பிளகினையே நிறுத்திவிடுகிறார்கள். அப்போது பாட்டின் கடைசிக் கோர்ட் முடிந்ததும் ரிவேர்ப் கத்தரித்தாற்போல நின்றுவிடும், ஏனென்றால் அது இருப்பது கூட்டற்குறிக்கு அந்தப் பக்கம். வொய்ஸ்களின் உறக்கத்தையும் எஃபெக்ட்டுகளின் உறக்கத்தையும் தனித்தனியாக எண்ணுங்கள். ரிவேர்ப்பின் வால் எத்தனை விநாடி நீளும் என்று பிளகினை ஓட்டும் ஹோஸ்ட் சொஃப்ட்வெயாருக்கும் சொல்லிவையுங்கள், பாட்டை ஏற்றுமதி செய்யும்போது அது அந்த இடத்தில்தான் கோப்பை வெட்டும்.